கதிரவனும் கையூட்டும்

திருத்தணியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நம் அன்பர்கள், நகரியையும் புத்தூரையும் கடந்ததும் வடமாலபேட்டையைக் காண்பர். தமிழும் தெலுங்கும் அறிந்த மக்கள் வாழும் பகுதி அது. வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆயினும், வெயில் மின்சாரமாகி ஒரு வீட்டு விளக்கை எட்டுவதற்குள் எத்தனை கைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது! இம்மாதம் அதனைச் சிறிது சிந்திப்போம்.

நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால், ஏறத்தாழ ஒரு கிலோ கரியமிலவாயு வானில் கலக்கிறது. கதிரவன் தரும் மின்சாரத்திற்கு எரிப்பதும் இல்லை, புகையும் இல்லை. ஆதலின் அது பெருக வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை கிடையாது.

நிற்க. 2020-இல் மத்திய அரசின் இந்திய சூரிய ஆற்றல் கழகம் பெரியதோர் ஒப்பந்தத்தை வழங்கிற்று. சீனத்துத் தகடுகளையே நம்பியிராமல், மின்சாரம் தருவோர் உள்நாட்டிலேயே தகடு செய்யும் ஆலையும் நிறுவுதல் வேண்டும் என்பது நிபந்தனை. வாணிப நோக்கில் அது நல்லதே. ஆனால் யூனிட் விலை 2.92 ரூபாய் ஆயிற்று. வேறிடங்களில் அதனினும் மலிவாகக் கிடைத்தமையால் மாநிலங்கள் வாங்கத் தயங்கின. பின்னர் விலை குறைக்கப்பட்டது. 2021 டிசம்பரில் ஆந்திரம், யூனிட் 2.49 ரூபாய் வீதம் 7,000 மெகாவாட் மின்சாரத்தை 25 ஆண்டுகளுக்கு வாங்க உடன்பட்டது.

மாநிலங்களை இசைவிப்பதற்காக, அதானி குழுமத்தார் உள்ளிட்ட சிலர் இந்திய அதிகாரிகளுக்கு ஏறத்தாழ 2,029 கோடி ரூபாய் கையூட்டுத் தரத் திட்டமிட்டனர் என்று 2024 நவம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் குற்றஞ்சாட்டினர். அத்தொகையில் பெரும்பகுதி ஆந்திரத்தைக் குறித்ததாம். குழுமத்தார் அதனை அடியோடு மறுத்தனர்; ஒப்பந்தக் காலத்தில் ஆந்திரத்தை ஆண்ட கட்சியினரும் மறுத்தனர். தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று.

எனினும் ஒன்றை உணர்கின்றோம். விலை மிகுதியென்று பலர் ஒதுக்கிய பொருளை எப்படியேனும் விற்றாக வேண்டிய நிலை வருமாயின், அங்கே கையூட்டு நுழைய வாயில் திறந்துவிடுகிறது. அன்று பிறந்த குழந்தை மணப்பருவம் எய்தும் வரை அந்த விலையைக் குடும்பங்கள் சுமக்கின்றன. கேடு அதனோடு நிற்பதில்லை. “சூரிய மின்சாரமா? அதுவும் ஊழல்தான்” என்று மக்கள் வெறுத்துவிட்டால், அடுத்து வரும் நேர்மையான திட்டமும் தடைப்படும். தடைப்படும் ஒவ்வொரு நாளும் நிலக்கரியே எரியும், புகையும் மிகும். கையூட்டுப் பெறுபவன் பொதுப் பணத்தை மட்டுமன்று, வானத்தையும் கெடுக்கின்றான்.

மின்கட்டணம் உறுதி செய்யப்படுமுன், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்கிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. ஊரிலுள்ள உறவினர்க்குக் கடிதம் எழுதும்போது, நலம் விசாரிப்பதோடு இதனையும் இரண்டு வரி எழுதுவோமாக.