பஞ்சப்படி பிச்சையல்ல

417 ரூபாய் 60 காசு. மாதச் சம்பளத்தில் இந்தத் தொகை குறைந்தால் வீட்டில் எது நின்றுபோகும் என்று பீன்யாவுக்கும் பொம்மனஹள்ளிக்கும் ஆயத்த ஆடை ஆலை வேலைக்குப் போகும் நம் தாய்மார்களைக் கேளுங்கள். பாலா, பிள்ளையின் நோட்டுப் புத்தகமா என்று அவர்கள் சொல்வார்கள்.

கர்நாடகத்தில் குறைந்தபட்சக் கூலியோடு சேர்ந்த பஞ்சப்படி ஏப்ரல்தோறும் விலைவாசிப் புள்ளிக்கு ஏற்ப மாறும். 2020 ஏப்ரலில் ஏறவேண்டியிருந்தது மேற்சொன்ன தொகை. கொரோனாவால் தொழில் படுத்துவிட்டது என்று முதலாளிகள் முறையிட்டார்கள். ஜூலையில் மாநில அரசு அதை ஓராண்டுக்குத் தள்ளிவைத்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தது. அப்படியும் பல ஆலைகள் ஓராண்டுக்கு மேல் கொடுக்கவில்லை. தொழிற்சங்கங்கள் விடாமல் போராடிய பிறகு, 2021 இறுதியில்தான் பெரிய ஆலைகள் நிலுவையோடு கொடுக்கத் தொடங்கின.

கூலி உயர்வதால்தான் விலைவாசி ஏறுகிறது என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் உண்டு. 2020-ல் கூலியை நிறுத்திவைத்தார்களே, விலைவாசி நின்றதா? அந்த அக்டோபரில் நாட்டின் சில்லறை விலைகள் முந்தைய ஆண்டைவிட 7.61 சதவீதம் ஏறியிருந்தன. 2022-ல் உக்ரைனில் போர் மூண்டதும் இங்கே சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. இவற்றில் எதுவும் தையல் மிஷினில் குனிந்திருக்கும் பெண்ணின் கூலியால் வந்ததல்ல. போர், மழை, எரிபொருள், பதுக்கல், அரசின் வரி ஆகியவற்றால் ஏறும் விலையை அவள் ஏன் தன் வயிற்றில் அடித்துக்கொண்டு சுமக்க வேண்டும்?

புள்ளி என்பது என்ன? பெங்களூர் உட்பட 88 தொழில் மையங்களில், தொழிலாளி குடும்பம் வாங்கும் அரிசி, எண்ணெய், துணி, வாடகை, பஸ் கட்டணம் முதலியவற்றின் விலையை மத்திய அரசு சேகரிக்கிறது. 2016-ல் 100 ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான்களுக்கு இன்று எவ்வளவு என்று பார்க்கிறது. 2024-லேயே அது 140-ஐத் தாண்டிவிட்டது. பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வந்தால் விலை இறங்கியது என்று பொருளில்லை. ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவே.

இந்தக் கணக்கிலும் குறை உண்டு. அதில் நூறு ரூபாய்ச் செலவில் வீட்டுக்கு ஏறக்குறைய 17 ரூபாய்தான். வாடகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் விசாரிக்கிறார்கள். இந்த நகரத்தில் ஒற்றை அறைக்கு அட்வான்சும் வாடகையும் கொடுத்து வாழும் நம் குடும்பங்களின் கணக்கு இதுவா? ஆனாலும் குறையுள்ள அளவுகோலாவது கையில் இருக்கிறது. அதையும் பிடுங்கவிடக் கூடாது.

ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசு ஊழியர்களுக்கும் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை 18 மாதப் பஞ்சப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. அந்த நிலுவை இன்னும் வரவில்லை. நிரந்தர வேலை என்று நிமிர்ந்து நடக்கும் நம்மவர்கள் மீட்க முடியாததை, ஆடை ஆலைப் பெண்கள் மீட்டார்கள். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

பஞ்சப்படி சம்பள உயர்வல்ல. விலைவாசி நம் பையிலிருந்து எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதி திரும்பி வருவது. அதை நிறுத்துவது கூலியை வெட்டுவதே. கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் சுமை தூக்குவதிலும் உள்ள நம் மக்களில் பெரும்பாலோர் பஞ்சப்படி என்ற சொல்லையே கேட்டதில்லை. அவர்களுக்கும் இது சேரவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

தோழர்களே, தாய்மார்களே! ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டை மார்ச் மாதச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். பஞ்சப்படி ஏறவில்லை என்றால் இரண்டையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். சீட்டே கொடுக்காத இடமானால், அதையும் வந்து சொல்லுங்கள்.