ஸ்பெயின் மூணாவது டிவிஷனும் எங்க தருமபுரி தம்பியும்

மெஸ்ஸி, ரொனால்டோ பத்தி ஆளாளுக்கு பதிவு போட்டாச்சு. நான் இன்னிக்கு பேசப்போறது நெஸ்டர் கோர்டில்லோ பத்தி. யாருய்யா அதுன்னு கேட்கறீங்க இல்ல? மேட்டரே அதான் :-)

1989ல ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல பிறந்தவர். மிட்ஃபீல்டர். அவங்க ஊர்ல பெரும்பாலும் கீழ் டிவிஷன்கள்ல ஆடிட்டு, 2018ல சென்னை சிட்டி எஃப்.சி.க்கு வந்தார். பேருதான் சென்னை, ஹோம் கிரவுண்டு கோவை நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9 அன்னிக்கு மினர்வா பஞ்சாபை 3-1ன்னு ஜெயிச்சு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயிண்டுல முந்தி ஐ-லீக் கப்பைத் தூக்கினாங்க. தமிழ்நாட்டு கிளப் ஒண்ணு ஐ-லீக் ஜெயிச்சது அதான் முதல் தடவை. 21 கோல் போட்ட பெட்ரோ மான்ஸியைத்தான் எல்லாரும் கொண்டாடினாங்க. கோல் போடறவனுக்கு மாலை, பந்து எடுத்துக் கொடுக்கறவனுக்கு பின்வரிசை. பேக்எண்டு ஆணி பிடுங்கற எனக்கு இந்த வலி நல்லாவே தெரியும்!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அப்ப நான் கோவையில காலேஜ் கடைசி வருஷம். எங்க சித்தப்பா பையன் தருமபுரியிலிருந்து பஸ் ஏறி மேட்ச் பார்க்க வருவான். அவனும் மிட்ஃபீல்டர்தான். எல்லாரும் பந்தைப் பார்ப்பாங்க, இவன் நெஸ்டரை மட்டும் பார்ப்பான். "அண்ணா, பந்து வர்றதுக்கு முன்னாடியே அந்தாளு திரும்பி ஒருதடவை பார்த்துக்கறான், கவனிச்சியா?"ன்னு கேட்டான். நான் எங்க கவனிச்சேன், கையில சமோசா இருந்துச்சு.

இப்ப தம்பி ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிப்ட்டு வேலை. 22 வயசுல பூட்ஸைக் கழட்டினவன்தான். நெஸ்டர் கப்பைத் தூக்கினப்ப வயசு 29. என் கட்சி என்னன்னா, ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கறது திறமை மட்டும் இல்லை, அந்த ஏழு வருஷமும்தான்.

நெஸ்டர் வந்த சமயம் ஸ்பெயின்ல மூணாவது டிவிஷன்ல மட்டும் 80 அணிகள். அதுக்குக் கீழேயும் டிவிஷன்கள். அடியில போகப்போக பகல்ல வேலை, சாயங்காலம் ப்ராக்டீஸ்னு ஆடறவங்களும் உண்டு. ஆனா ஒவ்வொரு வாரமும் மேட்ச் இருக்கும். ஸ்டாராகலைன்னாலும் ஆடிக்கிட்டே இருக்கலாம்.

நம்ம ஊர்லயும் அதுக்கு ஒரு வழி இருந்துச்சு. ஆபீஸ் டீம்! இந்தியன் வங்கி ஒரு காலத்துல தேசிய லீக்லயே ஆடுச்சு. பந்து ஆடினா வேலை, முட்டி போனாலும் சம்பளம். அந்த மாதிரி வேலைகள் குறைஞ்ச அளவுக்கு கிளப் சம்பளம் வளரலை.

'ஐ.எஸ்.எல். இருக்கே, சென்னையின் ரெண்டு தடவை கப் அடிச்சாங்களே'ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். 2015லயும் 2018லயும் அடிச்சாங்க, நானும் விசில் அடிச்சேன். ஆனா மாடி கட்டிட்டு படிக்கட்டை மறந்துட்டோமேங்கறதுதான் என் ஆதங்கம். சென்னை சிட்டியவே பாருங்க. கப் ஜெயிச்ச ரெண்டு வருஷத்துல, 2020-21 சீசனோட ஐ-லீக்ல அவங்க கதை முடிஞ்சுபோச்சு.

எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லைங்க. மாவட்ட லீக் வருஷத்துல ஆறு மாசம் ஒழுங்கா நடக்கணும். ஞாயித்துக்கிழமை மேட்ச், பஸ் காசு, சாப்பாடு, அடிபட்டா வைத்தியம். பென்னாகரத்துப் பையனும் அரூர் பையனும் வேலையை விடாம முப்பது வயசு வரைக்கும் ஆடட்டும். அதுல நூத்துல ஒருத்தன் மேல போனா போதும். மீதி 99 பேரும் ஆடினவங்கதானே, தோத்தவங்க இல்லையே.

போன பொங்கலுக்கு ஊர்ல சின்னப் பசங்க ஆடிக்கிட்டிருந்தாங்க. தம்பி ஓரமா நின்னு பார்த்துட்டு, ஒரு பையனைக் கூப்பிட்டு சொன்னான்: "பந்து வர்றதுக்கு முன்னாடி ஒருதடவை திரும்பிப் பாருடா."

டிஸ்கி: உங்க ஊர் ஆபீஸ் டீம் கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. தம்பிக்குப் படிச்சுக் காட்டணும்.