எலும்புத்தூளும் மண்டைதீவு மாடுகளும்

மண்டைதீவுக்குப் போகிறேன் என்றால் இப்போது எல்லோரும் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து அப்படித்தான். நான் போனது மாடு பார்க்க. மாடு நக்குவதற்காகக் கொட்டிலில் கட்டித் தொங்கவிடும் கனியுப்புக் கட்டியைத் தீவில் சிலர் வாங்கி வைத்தும் கொடுப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

நான் சந்தித்த அம்மா ஒருவரின் கொட்டிலில் அந்தக் கட்டி உறை பிரிக்காமல் வளையில் செருகிக் கிடந்தது. "உதுக்குள்ள எலும்புத்தூள் கிடக்காம் பிள்ளை. மாட்டுக்கு எலும்பைத் தீத்துறதோ?" என்றார். யூரியாவும் கலக்கிறார்களாம். போதாததற்கு, "சுத்திவரக் கடல். எங்கட மாடுகளுக்கு உப்புக்கோ பஞ்சம்?"

மூன்றையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படிச் செய்யவில்லை. கனியுப்புக் கலவையில் முக்கியமானது பொசுபரசு. அதைப் பாறையிலிருந்தும் எடுக்கலாம், கால்நடை எலும்பிலிருந்தும் எடுக்கலாம். எப்படி எடுத்தாலும் கடைசியில் கைக்கு வருவது ஒரு வெளிறிய தூள்தான். ஆகவே எலும்பு உண்டா இல்லையா என்பது அந்தந்தப் பொதியைப் பொறுத்தது. பயமும் சும்மா வந்ததல்ல. பிரித்தானியாவில் 1986இல் இனங்காணப்பட்ட பைத்தியமாட்டு நோய், இறைச்சியும் எலும்பும் அரைத்த தூளை மாடுகளுக்குக் கொடுத்ததால்தான் பரவியது. 1988இல் அங்கே அதைத் தடை செய்தார்கள். நோயைப் பரப்பியது எலும்பிலுள்ள பொசுபரசு அல்ல, தூளோடு வந்த புரதம். ஆனால் இந்த வித்தியாசத்தை அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

யூரியா கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் வடக்குக்கு வரவிடாத பொருட்களில் அதுவும் ஒன்று. வெடிமருந்து செய்வார்கள் என்றார்கள். 2021இல் கோட்டாபய அரசு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது நஞ்சு என்றார்கள். அரசே இப்படிச் சொன்ன பொருளை மாட்டுக்குக் கொடுங்கள் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உண்மையில் மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் சிறிதளவு யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும். கோடையில் வைக்கலும் பனையோலையும் மட்டும் தின்னும் மாட்டுக்கு அது உதவும். ஆனால் கட்டியை உடைத்துக் கொடுத்தாலோ, தண்ணீரில் கரைத்தாலோ, பசியோடு நிற்கும் மாடு அளவுக்கு மீறி உட்கொண்டு செத்தும் போகலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

உப்பு விடயத்தில் அம்மா சொன்னதில் பாதி சரி. சோடியத்துக்குத் தீவில் பஞ்சமில்லை. சிக்கலே அதுதான். மாட்டைக் கட்டியிடம் இழுப்பது உப்புச்சுவை. உவர்த்தண்ணி குடிக்கும் மாடு அதை அவ்வளவாக நாடாது. அதோடு சேர்ந்து போகவேண்டிய பொசுபரசும் செம்பும் உள்ளே போகாது. வன்னியில் பயன்படும் கட்டி தீவில் பயன்படாமல் போகலாம். தீவு மாடுகளுக்கு உப்புக் குறைந்த கனியுப்புத் தூளைத் தவிட்டிலோ பிண்ணாக்கிலோ கலந்து கொடுப்பதே பொருத்தம்.

நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது பற்றைக்கரையில் நின்ற அவருடைய பசு எதையோ கடித்துக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தோம். பழைய மாட்டெலும்பு. அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. இந்தத் தீவில் எலும்பு என்ற சொல்லையே யாரும் இலேசாகச் சொல்வதில்லை. 1990 ஓகஸ்ட்டில் இராணுவம் இறங்கியபோது காணாமல் போனவர்களின் உறவுகள், கிணறுகளைத் தோண்டிப் பாருங்கள் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மாடு எலும்பு கடிப்பது பெரும்பாலும் பொசுபரசுக் குறைவின் அறிகுறி. சுண்ணக்கல் மண்ணில் பொசுபரசு கல்சியத்தோடு பிணைந்துவிடுவதால் புல்லுக்கு எளிதில் கிடைப்பதில்லை. கடிக்கும் எலும்பில் அழுகிய தசை ஒட்டியிருந்தால் பொட்டுலிசம் என்ற நோய் வந்து மாடு விழுந்துவிடும். தென்னாபிரிக்காவில் மாடுகள் இப்படிக் கூட்டமாகச் செத்த காரணத்தை ஆர்னல்ட் தைலர் என்ற கால்நடை விஞ்ஞானி 1920களிலேயே கண்டுபிடித்துவிட்டார். எலும்பைத் தீத்தமாட்டேன் என்றவரின் மாடு, எலும்பைத் தானே தேடிப் போயிருக்கிறது.

உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஏதேதோ இருந்தது; பொசுபரசு எதிலிருந்து வந்தது என்று எந்த மொழியிலும் இல்லை. 2025இல் ஆனையிறவு உப்புக்கு 'ரஜ லுணு' என்று பெயர் வைத்தபோது நாங்கள் எல்லோரும் எழுதினோம், நானும் உட்பட. மாட்டுக்குப் போகும் பொதியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாறையிலிருந்து எடுத்த பொசுபேற்று உள்ள தூளாகக் கேளுங்கள், முதலில் கன்றுத்தாச்சி மாட்டுக்குக் கொடுங்கள், பசுவைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஆரிட்டைக் கேக்கிறது பிள்ளை? வாறவை கட்டியைத் தந்திட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிடுவினம்," என்றார்.