மிதிவண்டியும் சிக்கனமும்

காட்கோபரின் லால் பகதூர் சாஸ்திரி சாலையில் பேருந்துகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையே செல்லும் மிதிவண்டிக்குப் பாதுகாப்பே முதன்மையானது. பழைய வண்டியைப் பேரம் பேசி வாங்குவது சிக்கனமே. தேய்ந்த டயரையும் பிரேக் கட்டையையும் குறைந்த செலவில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், பழைய தலைக்கவசம் வாங்குவது சிக்கனமாகாது. அதன் உட்புற நுரைப்பகுதி ஒருமுறை அடிபட்டு நசுங்கினால், அடுத்த அடியை முன்போல் தாங்காது. அச்சேதம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-ஆம் ஆண்டிலேயே மிதிவண்டி ஓட்டுவோருக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

வளர்ந்த பின்னும் உதவும் எனக் கருதிப் பிள்ளைகளுக்குப் பெரிய வண்டி வாங்குவதும் தவறு. இருக்கையில் அமர்ந்து கீழிறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால், கால் நேராக நீளவேண்டும். கால் எட்டாத வண்டியில் இடுப்பு வலிக்கும். அவசரத்தில் காலூன்றி நிற்பதும் அரிது. வண்டியின் விலையைக் குறைக்கலாம். தலையின் காப்பைக் குறைத்தல் தகாது.