வழிப்போக்கரின் கட்டுச்சோறு

பிரயாணம் புறப்படும் விருந்தினருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, தெருக்கோடி வரை உடன் சென்று வழியனுப்புதல் நம் நாட்டு வழக்கம். வரும்போது காட்டும் முகமலர்ச்சியினும் போகும்போது காட்டும் இப்பரிவே இல்லறத்தாரின் பெருமைக்கு உரைகல்லாகும். ஆயினும், ஆண்டுதோறும் நம்மிடம் வந்து தங்கிச் செல்லும் ஒரு கூட்டத்தாரை மட்டும் நாம் வழியனுப்புவதில்லை. அவர்கள் போவதை அறிவதுமில்லை. வடபுலத்திலிருந்து வரும் நீர்ப்பறவைகளையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

சென்ற பங்குனியில், ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மாணவர் நால்வருடன் சடையங்குப்பத்தின் பக்கம் சென்று அவற்றைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. மணலியை அடுத்து, கொசத்தலையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் அண்மையில் உள்ள இச்சிற்றூர், 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பெற்றது. ஒருபால் ஆலைகளின் புகைபோக்கிகளும் ஓயாத லாரிகளும். மற்றொருபால் சேறும் கோரையும் உவர்நீரும் பரந்த தாழ்நிலம். இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம்.

முதல் நாட் காலையில், சேற்றில் ஓடித் திரிந்த சிறு பறவைகளைக் கண்ட மாணவர் ஒருவர், "எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஐயா" என்று சலித்துக்கொண்டார். மாலைக்குள் அவரே உப்புக்கொத்தியையும் கொசு உள்ளானையும் பிரித்தறியக் கற்றார். மறுநாள், வளைமூக்கு உள்ளான் ஒன்றன் சாம்பல்நிற மார்பில் செங்கல் நிறம் படரத் தொடங்கியிருப்பதை முதலிற் கண்டவரும் அவரே. அந்நிறம் கூடுகட்டும் காலம் நெருங்குவதன் அறிகுறி. அது கூடுகட்டும் இடமோ சைபீரியாவின் வடகோடி!

அத்துணைத் தூரம் செல்லும் உயிருக்குக் கட்டுச்சோறு வேண்டுமன்றோ? அதனை அளிப்பது இச்சேறே. நீர் வடிந்ததும், குட்டை அலகுடையவை மேற்பரப்பிலும், நீண்ட அலகுடையவை ஆழத்திலும் புழுவையும் சிறு நண்டையும் தேடுகின்றன. ஒரே இலையில் பலர் பூசலின்றி உண்பது போன்றது இது. உண்டது கொழுப்பாகச் சேர்கிறது. கரைப்பறவைகளுள் சில, புறப்படுமுன் தம் எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிக்கொள்கின்றன. 2022ஆம் ஆண்டில், அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட மூக்கன் இனத்து இளம்பறவை ஒன்று, எங்கும் இறங்காது 11 நாட்களில் சுமார் 13,500 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது. உடலிற் சேர்த்துக்கொண்ட உணவன்றி அதற்கு வழித்துணை வேறில்லை.

செங்கால் நாரையைத் தூதுவிட்ட சத்திமுற்றப் புலவர், அப்பறவை தென்திசை வந்து வடதிசை மீளும் என்பதை அறிந்திருந்தார். வறுமையில் வாடிய புலவர் வெறுங்கண்ணால் அறிந்ததனைத் தூரதிருஷ்டிக் கண்ணாடி பூண்ட நாம் அறியாதிருத்தல் தகுமோ?

இனி, ஒரு தடை எழலாம். "ஆலைகள் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறிடுகின்றன, மனிதரினும் பறவைகள் பெரியவையோ?" என்று நண்பர் ஒருவர் எம்மை வினவினார். நியாயமான வினாவே, விடையை அவ்வூராரே அறிவர். 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரிநீர் கொசத்தலையாற்றிற் பெருகியபோது சடையங்குப்பம் வெள்ளத்துள் ஆழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகும் மீனவரின் படகும் வலையும் ஒருங்கே கறைபட்டன. பறவைக்கு நேர்ந்த கேடு மனிதரை விட்டுவைத்ததுண்டோ? தாழ்நிலத்தை மண்ணும் சாம்பலும் கொட்டி மேடாக்கினால், பறவை உணவை இழக்கும்; வெள்ளமோ தங்க இடமின்றி வீட்டு வாயிலுக்கு வரும். ஆகவே, ஊராரும் பறவைகளும் வேண்டுவது ஒன்றே: திறந்து கிடக்கும் பள்ளம். அதனை 'வீண்நிலம்' என்று நாம் அழைப்பதே முதற் பிழை.

வீண்நிலம் அன்று என்று வாயாற் கூறினால் போதாது, கணக்கால் நிறுவவேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடைபெறுகிறது; தமிழ்நாட்டில் பொங்கற் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடைபெறுகிறது. இரண்டும் சனவரி மாதத்தன. விருந்தினர் வந்து தங்கியிருத்தலை அவை காட்டும். ஆனால், புறப்பாட்டுக்கு முன் எந்தச் சேறு எத்தனை பறவைகளை ஊட்டுகிறது என்பதைப் பங்குனியில்தான் காணமுடியும். அப்போது நாம் தேர்வுக்கு அஞ்சி அறைக்குள் அடைபட்டிருக்கிறோம்!

ஆதலின், நமது கல்லூரி மாணவர் ஆண்டுக்கு ஒரு முறை, பங்குனியில் இரண்டே நாட்களை இதற்கு ஒதுக்குவார்களாக. ஒரே இடத்தில், ஒரே முறையில் எண்ணி, நாளும் நேரமும் நீரின் நிலையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவார்களாக. கண்டதை மட்டுமே எழுதுக. காணாததை ஊகித்து எழுதற்க. அக்கணக்கை இம்மலரிலேயே ஆண்டுதோறும் வெளியிடலாம். பத்தாண்டுக் கணக்கு ஒன்று கையில் இருப்பின், அந்நிலத்தை மேடாக்க எவரேனும் முனையும் நாளில், ஊரார் வெறுங்கையுடன் நிற்கவேண்டியதில்லை.

ஞாயிறு மாலை நாங்கள் திரும்புகையில், உள்ளான் கூட்டம் ஒன்று எழுந்து, ஒருமுறை சுழன்று, மீண்டும் சேற்றில் இறங்கியது. கட்டுச்சோறு இன்னும் கட்டி முடியவில்லை போலும். அது முடியுமளவும் இலையை எடுத்துவிடாதிருத்தல் நம் கடன்.