பழைய ஸ்போர்ட்ஸ் கார் பாதி விலைக்குக் கிடைப்பது ஏன்?

பெருந்துறை வழியாகச் செல்லும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கும் பனியன் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே, சில சமயம் ஒரு கார் தரையோடு தரையாகப் பறந்து போகும். உறுமல் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் கார் மறைந்துவிடும்.

அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். பெரும்பாலும் இரண்டு பேர்தான் வசதியாக உட்காரலாம். மூட்டை முடிச்சு வைக்க இடம் இருக்காது. ஆனால் நான்கு, ஐந்து விநாடியில் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தைப் பிடித்துவிடும்.

கொங்கு நாட்டுக்கும் வேகக் காருக்கும் நீண்ட நாள் உறவு உண்டு. மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டியவர் கோவை கரிவர்தன். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கார் பந்தயத் திடலுக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே.

ஆகவே இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பு இல்லை. புதுக் கார் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பழைய கார் விலையைக் கேட்டால் நாக்கில் நீர் ஊறும். புதிதில் ஒன்றரைக் கோடி சொன்ன கார், சில வருஷம் ஓடிய பின் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பது உண்டு. பாதி என்றாலும் அது ஒரு வீட்டின் விலை! சேமிப்பைக் கொட்டுவதற்கு முன் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

வரிக்குச் சக்கரம் இல்லை

வெளிநாட்டிலிருந்து ஒரு கார் கப்பலில் வந்து இறங்குகிறது. துறைமுகத்தில் அதன் மதிப்பு 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

2025 பட்ஜெட் கணக்குப்படி, இத்தகைய விலை உயர்ந்த காருக்குச் சுங்க வரியும் அதைச் சேர்ந்த வரியும் மொத்தம் 110 சதவீதம். கார் 1 கோடியே 5 லட்சம் ஆகிவிட்டது. அதன்மேல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். இப்போது 1 கோடியே 47 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதையும் சேர்த்தால் சுமார் 1 கோடியே 76 லட்சம்.

50 லட்ச ரூபாய்க் காருக்கு வரி மட்டும் ஒன்றே கால் கோடி!

முதலில் வாங்குகிறவர் இந்த வரி முழுவதையும் சுமக்கிறார். விற்கப் போகும்போது அதைத் திருப்பிக் கேட்க முடியுமா? வரிக்கு எஞ்சினும் இல்லை, சக்கரமும் இல்லை. வாங்க வருகிறவர் காரைத்தான் பார்ப்பார். விலை மளமளவென்று இறங்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணமும் வரிதான். ஆனால் இது வரி குறைவதால் வருகிற வினை. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் கூடுதல் வரியும் சேர்ந்து 50 சதவீதம் வரை இருந்தது. அன்று முதல் அது 40 சதவீதம் ஆயிற்று. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் விலை மட்டும் நிற்குமா? அதுவும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் வருகிறது. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் இந்தியா வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கே செய்யும் கார்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டும் சுங்க வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவர அதில் இடம் இருக்கிறது. ஐரோப்பிய யூனியனுடன் இதேபோன்ற பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27-ல் டில்லியில் அறிவித்தார்கள். ஜெர்மனியின் போர்ஷேயும், இத்தாலியின் பெராரி, லம்போர்கினியும் ஐரோப்பியக் கார்களே. இன்று பெரிய விலை கொடுத்துப் பழைய கார் வாங்கி, நான்கு வருஷம் கழித்து அதே விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போடுகிறவர் இதை மறந்துவிடக் கூடாது.

எல்லாக் காரும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதும் உண்மை. போர்ஷே 911 உலகம் முழுவதும் மதிப்பை நன்றாகக் காப்பாற்றும் கார் என்று பெயர் எடுத்தது. 1960-களில் தொடங்கிய அந்த உருவம் இன்றும் அதிகம் மாறவில்லை. ஆகவே பழையது பழசாகத் தெரிவதில்லை. கம்பெனி குறைவான எண்ணிக்கையில் செய்தவையும், கையால் கியர் போடுகிறவையும் விலை நிற்கும். கம்பெனி இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டால் நிலைமை வேறு. வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "பார்ட்ஸ் கிடைக்குமா?" என்பதுதான்.

பல்லைப் பிடித்துப் பார்

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் மாடு வாங்குகிறவர் கொம்பின் அழகைப் பார்த்து ஏமாற மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். காருக்கும் அதேதான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். தேயவே இல்லையே என்று மகிழக் கூடாது. கார் ஓடாமல் நின்றாலும் ரப்பர் கெட்டுப்போகும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அடியில் சேறு படிந்திருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் நீரில் கிடந்தன என்பதை நாடே பார்த்தது.

"ஐயாயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்று புரோக்கர் சொல்லலாம். மீட்டரைத் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் ஏட்டையும் காரில் உள்ள கம்ப்யூட்டரையும் ஒத்துப் பார்ப்பதே வழி. போர்ஷே காரில், எஞ்சினை அளவு மீறி எத்தனை முறை சுழலவிட்டார்கள் என்பது கூடப் பதிவாகி இருக்கும். பந்தயத் திடலில் வதைபட்ட வண்டியா என்பது அதில் வெளிச்சமாகிவிடும்.

கார் பாதி விலைக்கு வந்தாலும் பிரேக்கும் கிளட்சும் பாதி விலைக்கு வரா. கார்பன் செராமிக் பிரேக் தட்டு மாற்றினால் செலவு லட்சக் கணக்கில். பெட்ரோலிலும் ஒரு சிக்கல். இப்போது பங்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார் அதற்கு ஏற்றதா என்பதை அதன் கையேட்டில் பார்க்க வேண்டும்.

பூட்டானிலிருந்து வந்த வண்டிகள்

காரைப் பார்ப்பதை விட முக்கியம், அதன் காகிதங்களைப் பார்ப்பது. அதை நாட்டுக்கே காட்டியது 2025-ல் வந்த ஒரு வழக்கு.

அந்த வருஷம் செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்க அதிகாரிகள் கேரளாவில் பல இடங்களில் சோதனை போட்டார்கள். சினிமா நட்சத்திரங்களின் வீடுகளும் தப்பவில்லை. சோதனைக்கு வைத்த பெயர் 'நும்கோர்'. பூட்டான் மொழியில் வண்டி என்று அர்த்தம். பூட்டானிலிருந்து வரி கட்டாமல் கடத்திவந்த பழைய சொகுசு வாகனங்களைத் தேடியே இந்த வேட்டை. முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் பிடிபட்டன.

பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர விதிகள் கடுமையானவை. செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. சுங்க வரியும் உண்டு. பூட்டான் வழியாக வந்தவை இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தவை என்பது குற்றச்சாட்டு.

அக்டோபர் 8-ல் அமலாக்கத் துறை கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் 17 இடங்களில் சோதனை நடத்தியது. அப்போது அது சொன்ன செய்தி கொங்கு நாட்டைத் தூக்கிவாரிப் போட்டது. கோவையை மையமாகக் கொண்ட ஒரு கூட்டம், ராணுவம், அமெரிக்கத் தூதரகம், வெளியுறவுத் துறை ஆகியவற்றின் பெயரில் பொய்க் காகிதம் தயாரித்து, அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் வண்டிகளைப் பதிவு செய்து, குறைந்த விலைக்கு விற்றது என்பதே அது. லேண்ட் குரூசர், டிபெண்டர், மாசரேட்டி ஆகிய பெயர்கள் அடிபட்டன.

வாங்கியவர்களில் ஒரு நடிகர், நல்ல நம்பிக்கையில் வாங்கினேன் என்று உயர் நீதிமன்றம் போனார். அவருக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. கடன் வாங்கிக் கார் வாங்கியவர் என்ன செய்வார்? கார் சுங்க இலாகாவில் நிற்கும். தவணை மட்டும் மாதாமாதம் ஓடும்.

ஆகவே கோவையில் விற்கும் காருக்குத் தொலைதூர மாநில நம்பர் இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். இறக்குமதி செய்த காரானால், சுங்க வரி கட்டிய காகிதத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். எத்தனை கை மாறியது, கடன் இருக்கிறதா என்பதை சர்க்காரின் பரிவாகன் தளத்தில் கைபேசியிலேயே பார்க்கலாம்.

புதுச்சேரி நம்பர் காரானாலும் சும்மா வாங்கிவிட முடியாது. வேறு மாநிலத்துக் காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். காரின் வயதுக்கு ஏற்ப வரி குறையும் என்றாலும், இந்த ரகக் காருக்கு அதுவும் பெரிய தொகை. விலை பேசும்போதே அதைக் கழித்துப் பேசுகிறவர் கெட்டிக்காரர்.

விற்கிறவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே சொந்தக்காரர். கார் நான்கு கை மாறியிருந்தாலும், விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு. மணிக்கு 200 கிலோ மீட்டர் ஓடக்கூடிய காரை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் தன்னிடம் வைத்திருப்பவர், நிம்மதியாகத் தூங்க முடியாது.

படிவம் 29-ம் 30-ம் கொடுத்தால் பெயர் மாறும். கடன் தீர்ந்த காருக்குப் படிவம் 35-ம் வேண்டும். 'டி.என். 56' நம்பர் கார் என்றால் பெருந்துறை அலுவலகக் கணக்கில் உள்ளது. இன்சூரன்சைப் புதியவர் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் விபத்து இல்லாமல் ஓட்டிச் சேர்த்த சலுகை காரோடு வராது. அதை அவர் தம் அடுத்த காருக்கு எடுத்துப் போய்விடுவார். முதல் வருஷப் பிரீமியத்தைப் புதியவர் அந்தச் சலுகை இல்லாமல்தான் கட்ட வேண்டும்.