ஃப்ளாஷை அணைச்சிட்டுப் பேசுவோம்

வருஷா வருஷம் தை முடியறதுக்குள்ள எனக்கு ஒரு மெசேஜ் வந்துடும். "மச்சி, சிவராத்திரிக்குச் சிதம்பரம் போறேன். நாட்டியாஞ்சலி படம் எடுக்கணும். என்ன லென்ஸ் வாங்கட்டும்?" அனுப்புற ஆள் மாறுவான், கேள்வி மாறாது. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா பதில் தட்டி விரல் தேய்ஞ்சதுதான் மிச்சம். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கிற இந்த வாரத்துல ஒரேயடியா எழுதி வச்சிடறேன். இனிமே யார் கேட்டாலும் சுட்டியைக் குடுத்துட்டுத் தப்பிச்சுக்கலாம் :-)

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். இருட்டுல ஆடுறவங்களைப் படம் எடுக்க விலை கம்மியான ஒரு 50 எம்எம் லென்ஸ் போதும், அதோட கொஞ்சம் பொறுமையும் வேணும். ஃப்ளாஷ் மட்டும் கூடவே கூடாது. முதல் ரெண்டுக்கும் கணக்கு இருக்கு. மூணாவதுக்குக் கணக்கும் இருக்கு, ஒரு கதையும் இருக்கு. கதையைக் கடைசியில சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாத்து அணைக்கட்டு, சர்க்கரை ஆலைக்கு வரிசை கட்டி நிக்கிற கரும்பு லாரி, இதெல்லாம்தான் எங்க ஊர் அடையாளம். கிழக்கால பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல சிதம்பரம். அங்க 1981ல தொடங்கின நாட்டியாஞ்சலி மகாசிவராத்திரியை ஒட்டி நாள் கணக்குல நடக்கும். இந்தப் பக்கம் சுத்துப்பட்டு கிராமங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா விடிய விடிய தெருக்கூத்து. நாட்டியாஞ்சலிக்கு மேடை விளக்காவது இருக்கும். கூத்துக்கு ரெண்டு மூணு டியூப் லைட், அதுவும் ஒண்ணு கண்ணடிச்சிக்கிட்டே இருக்கும். ரெண்டு இடத்துலயும் கேமராவைத் தூக்கிட்டு அலைஞ்சு பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் இங்க எழுதியிருக்கிறது எல்லாம்.

முதல்ல லென்ஸ் கணக்கு. கேமராவோட சேர்த்துக் குடுக்கிற 18-55 லென்ஸை 55க்கு நீட்டினா அதோட வாய் எஃப் 5.6க்கு மேல திறக்காது. 50 எம்எம் லென்ஸ் எஃப் 1.8 வரைக்கும் திறக்கும். 5.6ஐ 1.8ஆல வகுத்து, வர்ற விடையை வர்க்கப்படுத்துங்க. கிட்டத்தட்ட பத்து. அதாவது பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வருது. பழைய லென்ஸ்ல நொடியில 20ல ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தாத்தான் கிடைக்கிற படம், இதுல 200ல ஒரு பங்கு நேரத்துலயே கிடைச்சிடும். 1/20ல எடுத்தா ஆடுற கை புகை மாதிரி தெரியும். 1/200ல விரல் விரலாத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அதுதான் எல்லாமே.

"எங்கிட்ட இருக்கிற லென்ஸ்ல ஆட்டத்தைத் தடுக்கிற வசதி இருக்கே"ன்னு சில பேர் சொல்லுவாங்க. அது நம்ம கை நடுங்கறதைத்தான் தடுக்கும். மேடையில ஆடுறவங்க காலை அது ஒண்ணும் பண்ணாது.

"அப்ப 70-200 எஃப் 2.8?" நல்ல லென்ஸ்தான். மேடைக்குக் கிட்ட இடம் கிடைக்காதவங்களுக்கும் இதையே தொழிலாச் செய்யறவங்களுக்கும் அது வேணும். ஆனா வெளிச்சக் கணக்குல பார்த்தா 1.8 லென்ஸ் அதைவிட ரெண்டே கால் மடங்குக்கு மேல வாங்குது. விலையில பல மடங்கு வித்தியாசம். ஒன்றரை கிலோவை ராத்திரி முழுக்கக் கழுத்துல தொங்கவிட்டா காலையில கழுத்து நம்மகிட்ட பேசாது. 50 பத்தலைன்னா அடுத்து 85 எம்எம் எஃப் 1.8 பாருங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க ஒண்ணைக் கவனிங்க. நிக்கான் டி40, டி60, டி3000, டி5000 மாதிரி பாடிகளுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதுல பழைய 50 எம்எம் 1.8 டி லென்ஸைப் போட்டா ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. 2011ல வந்த ஜி லென்ஸ் வாங்குங்க. கேனான்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. 1990ல வந்த பிளாஸ்டிக் 50ம் ஓடும், 2015ல வந்த எஸ்டிஎம்மும் ஓடும். பழசு கொஞ்சம் சத்தம் போடும். கூத்துல ஆர்மோனியமும் முகவீணையும் அடிக்கிற அடியில யாருக்குக் கேக்கப் போவுது!

சரி, 1.8ஐவிட இன்னும் பெருசாத் திறக்கிற லென்ஸ் இருந்தா எல்லாக் கவலையும் தீந்துடுமா? தீராது. 1975ல வந்த 'பேரி லிண்டன்' படத்துல மெழுகுவர்த்தி வெளிச்சத்துலயே சில காட்சிகளை எடுக்கணும்னு ஸ்டான்லி குப்ரிக் ஆசைப்பட்டார். நாசாவுக்காக ஸைஸ் கம்பெனி செஞ்ச 50 எம்எம் எஃப் 0.7 லென்ஸைப் பிடிச்சுக் கொண்டுவந்தார். வெளிச்சம் கிடைச்சிடுச்சு, ஆனா ஃபோகஸ் ஆழம் அவ்வளவு மெல்லிசு. நடிகருங்க கொஞ்சம் முன்ன பின்ன அசைஞ்சாலும் மங்கிடும். நம்ம 1.8லயே மூணு மீட்டர் தூரத்துல ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்தான் தெளிவா இருக்கும். அதனால லென்ஸ் பாதிதான். மீதிப் பாதி, எப்ப அமுக்கணும்ங்கறது.

அதுக்கு என் சுருக்கமான பட்டியல்:

1. மேனுவல் மோடுக்கு மாறுங்க. பின்னாடி முழுக்க இருட்டு, நடுவுல அரிதாரம் பூசின முகம். கேமரா மொத்தத்தையும் சராசரி போட்டு, "ஐயோ இருட்டா இருக்கே"ன்னு முகத்தை வெளுத்துடும். ஸ்பாட் மீட்டரிங் வச்சு முகத்தை மட்டும் அளந்து செட் பண்ணிட்டு, விளக்கு மாறாத வரைக்கும் தொடாதீங்க.

2. அபிநயத்துக்கு 1/100 போதும். ஜதிக்குக் குறைஞ்சது 1/250. ஆனா நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். 1/500ல எடுத்தா ஒரு படம் மஞ்சள், அடுத்த படம் பச்சை. அந்த வெளிச்சத்துல 1/100, இல்லன்னா 1/50னு நின்னுக்கிட்டு, ஆடுறவங்க நிக்கிற நேரமாப் பார்த்து அமுக்குங்க. மிரர்லெஸ் வச்சிருக்கிறவங்க சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டா படத்துல பட்டை பட்டையாக் கோடு விழலாம், முதல்லயே ஒரு படம் எடுத்துப் பார்த்துக்குங்க.

3. ஐஎஸ்ஓவை ஏத்த பயப்படாதீங்க. 3200, 6400, தேவைன்னா அதுக்கும் மேல. நாய்ஸைக் குறைக்க வழி இருக்கு. 2023லேர்ந்து லைட்ரூம்லயே அதுக்கு ஏஐ வசதி வந்துடுச்சு. கலைஞ்சு போன படத்தைச் சேர்க்கத்தான் வழியே இல்ல. ரா ஃபார்மட்ல எடுங்க, டியூப் லைட் பச்சையை வீட்டுல வந்து சரி பண்ணிக்கலாம்.

4. போன்ல எடுக்கிறவங்க நைட் மோடை நிறுத்துங்க. அது பல படத்தை ஒண்ணா அடுக்கி வெளிச்சம் பண்ணுது. கோபுரத்துக்குச் சரி. ஆடுறவங்களுக்கு நாலு கை முளைக்கும், நடராஜரா இருந்தாக்கூட ஒத்துக்கலாம் :-)

பட்டியல்ல எல்லாத்தையும்விட முக்கியமானது ரெண்டாவதுல கடைசியாச் சொன்னது. எந்த ஆட்டத்துலயும் ஒரு நிறுத்தம் இருக்கு. தீர்மானம் முடிஞ்சு அரைமண்டியில உக்கார்ற அந்த அரை நொடி. கூத்துல ரெண்டு பேர் பிடிச்சிருக்கிற திரை விலகினதும் வேஷக்காரர் ஊரைப் பார்த்து நிக்கிற அந்த நிலை. சிதம்பரம் கோயில் கோபுர வாசலுக்குள்ள நடந்து போகும்போது ரெண்டு பக்கமும் கரணச் சிற்பங்களைப் பாருங்க. மொத்தம் 108. ஒவ்வொரு கரணமும் ஒரு அசைவு. அதுல எந்த இடத்துல நிறுத்தினா முழு அசைவும் கண்ணுக்குத் தெரியும்னு உளி பிடிச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்கு ஷட்டர் இருக்கு, அவனுக்கு இருந்த பொறுமைதான் இல்ல.

இப்ப ஃப்ளாஷ். தூரம் ரெண்டு மடங்கானா அதோட வெளிச்சம் கால்வாசியாக் குறையும், மூணு மடங்கானா ஒன்பதுல ஒரு பங்கு. முன்னாடி இருக்கிறவர் வெளுத்துப் போவார், பின்னாடி எல்லாம் கரி. கூத்து வேஷத்துல கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம்னு எல்லாத்துலயும் கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கும். ஃப்ளாஷ் பட்டா ஒவ்வொண்ணும் வெடிக்கும். கணக்கு இதோட முடிஞ்சுது.

கதை இது. காலேஜ் மூணாவது வருஷம். செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கின ஜோர்ல பக்கத்துக் கிராமத்துக் கூத்துக்குப் போனேன். துரியோதனன் வேஷம் கட்டினவர் அந்தப் பக்கத்துல பேர் போன வாத்தியார். திரை விலகுச்சு. நான் நேர் எதிர்ல உக்காந்து ஃப்ளாஷை அடிச்சேன். ஒண்ணு இல்ல, ராத்திரி முழுக்க இருநூறுக்கு மேல. நடுவுல ஒரு தடவை அவர் அடி தடுமாறினதைப் பார்த்தேன். வயசாயிடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

விடிஞ்சதும் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைக் கலைச்சிக்கிட்டு இருந்தவர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார்னு பயந்துக்கிட்டே போனேன். "தம்பி, நீ வெளிச்சம் அடிக்கிறப்பல்லாம் எதிர்ல இருக்கிற ஜனம் மறைஞ்சு போவுது. யாருக்கு ஆடுறோம்னே தெரியல"ன்னார். அவ்வளவுதான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டார்.

அந்த வருஷமே 50 எம்எம் வாங்கினேன். அதுக்கப்புறம் அவர் கூத்துக்கு மூணு தடவை போனேன். பக்கவாட்டுல, பாய் விரிச்சு உக்காந்திருக்கிற ஜனத்தோட ஜனமா உக்காந்து எடுத்தேன்.

போன வருஷம் அவர் காலமாயிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேணும்னு அவர் மகன் போன் பண்ணார். ஃப்ளாஷ் படம், ஃப்ளாஷ் இல்லாத படம் ரெண்டுலயும் கொஞ்சம் அனுப்பினேன். ஃப்ளாஷ் படம்தான் பளிச்சுனு இருக்கு, அதைத்தான் எடுப்பார்னு நினைச்சேன். அவர் எடுத்தது 6400ல எடுத்த, மணல் மாதிரி நாய்ஸ் தெரியற ஒரு படம். போஸ்டருக்கு முகத்தை மட்டும் வெட்டிக்கிட்டார். வீட்டுல மாட்ட வெட்டாத படத்தையே பெருசாக் கேட்டார்.

"ஏன் தம்பி, நான் நாய்ஸைக் குறைச்சு அனுப்பட்டுமா?"ன்னேன்.

"வேணாம்ணே. பின்னாடி பாருங்க, அம்மா உக்காந்திருக்காங்க."

பெருசு பண்ணிப் பார்த்தேன். அவர் தோளுக்குப் பின்னால, ஃபோகஸ் இல்லாம மங்கலா, முந்தானையைத் தோள்ல இழுத்துப் போட்டு ஒருக்களிச்சு உக்காந்திருக்கிற ஒரு உருவம். முகம் தெரியல. மகனுக்கு உக்காந்த விதமே போதும். ஃப்ளாஷ் அடிச்சிருந்தா அந்த இடம் கரியாத்தான் இருந்திருக்கும். இருநூறு படத்துல அப்படித்தான் இருக்கு.

அதனாலதான் சொல்றேன், அந்தப் பொத்தானைத் தொடாதீங்க. ஆடுறவருக்கு எதிர்ல ஊர் தெரியணும். படத்துலயும் ஊர் தெரியணும்.

பி.கு: கோயில்ல எங்க எடுக்கலாம், எங்க எடுக்கக் கூடாதுன்னு கேட்டுட்டு எடுங்க. உங்ககிட்ட வேற ஏதாவது லென்ஸ் இதைவிட நல்லா வேலை செஞ்சிருந்தா பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க. தோத்தா டீ என் செலவு :-)